எல்லாவற்றையும் பார்ப்பதா, நாலை மட்டும் பார்ப்பதா?

யாழ்ப்பாணத்தில் செஸ் பழகும் பெடியளும் பெட்டையளும் ஆட்டம் முடிஞ்ச கையோடு அதை போனில் இருக்கும் இஞ்சினில் போட்டுப் பார்ப்பது இப்ப சாதாரணம். +1.2 எண்டு ஒரு எண் வரும். அதோடு வாக்குவாதம் முடிஞ்சுது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் எழுபது வருடத்துக்கு மேலான வாக்குவாதம் ஒன்று இருக்கிறது.

1950இல் அமெரிக்கக் கணிதவியலாளர் குளோட் ஷானன் ஒரு கணக்குப் போட்டார். ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்த்தல்கள். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று என்று போனாலே கிட்டத்தட்ட 1000 வழிகள். கடைசிவரை எண்ண எந்தக் கணினியாலும் ஏலாது. ஆகவே இரண்டு முறைகளைச் சொன்னார். ஒன்று, எல்லா நகர்த்தல்களையும் குறிப்பிட்ட ஆழம்வரை பார்ப்பது. மற்றது, நல்லதாகத் தெரியும் சிலதை மட்டும் ஆழமாகப் பார்ப்பது. மனிதர் செய்வது இரண்டாவதைத்தான்.

ஆனால் எது நல்லது எண்டு கணினிக்கு ஆர் சொல்லிக்குடுக்கிறது? தெரிந்தெடுத்துப் பார்த்த நிரல்கள் முக்கியமான நகர்த்தலையே தவறவிட்டன. 1973இல் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தின் 'செஸ் 4.0' எல்லாவற்றையும் பார்க்கும் முறைக்கு மாறியது. அதற்குக் கைகொடுத்தது அல்பா-பீட்டா என்ற உத்தி. ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் நல்ல பதிலடி ஒன்று இருக்கிறது, ஏற்கெனவே கையில் உள்ள நகர்த்தலைவிட இது மோசம் எண்டு தெரிஞ்சிட்டால், மற்றப் பதில்களைப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் கிளையை வெட்டிவிடலாம், விடை மாறாது. 1997இல் கஸ்பரோவை வென்ற டீப் புளூ செக்கனுக்கு 200 மில்லியன் நிலைகளைப் பார்த்தது.

2017இல் காற்று மாறி அடித்தது. தன்னோடு தானே விளையாடிப் பழகிய அல்பாஸீரோ, செக்கனுக்கு 80,000 நிலைகளை மட்டும் பார்த்தது. எதிரே ஸ்டொக்ஃபிஷ் பார்த்தது 70 மில்லியன். 100 ஆட்டங்களில் அல்பாஸீரோவுக்கு 28 வெற்றி, 72 சமநிலை. போட்டி நடந்த விதம் பற்றி விமர்சனம் வந்தது உண்மைதான். ஆனாலும் எந்தக் கிளையில் நேரம் செலவழிப்பது என்பதை அதன் நரம்பு வலையமைப்பு கற்றிருந்தது. லீலா இஞ்சின் அதே வழியில் வந்தது. 2020இல் ஸ்டொக்ஃபிஷும் அல்பா-பீட்டாவை விடாமல், நிலையை மதிப்பிட ஒரு சின்ன நரம்பு வலையமைப்பைச் சேர்த்துக்கொண்டது.

ஆக, இரண்டு எண்களும் ஒன்றல்ல. ஸ்டொக்ஃபிஷின் எண், இரு பக்கமும் சரியாக விளையாடினால் வரும் ஒரு வழியின் முடிவு. லீலாவின் எண், பல வழிகளைச் சேர்த்துப் பார்த்த எதிர்பார்ப்பு. அந்த வழியை உங்களால் பலகையில் கண்டுபிடிக்க ஏலுமா எண்டு இரண்டுமே சொல்லாது.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலகச் சம்பியனான சென்னைப் பெடியன் குகேஷை, பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா 2500 ரேட்டிங்கை நெருங்கும்வரை இஞ்சின் பக்கமே விடவில்லை. கிளைகளைத் தெரிந்தெடுக்கும் வேலையை அவரே செய்து பழகவேண்டியிருந்தது.

அடுத்த ஆட்டம் முடிஞ்சதும் முதலில் உங்கட கணக்கைக் கொப்பியில் எழுதுங்கோ. பிறகு இஞ்சினைத் திறவுங்கோ. இரண்டும் பிரியிற இடத்தில்தான் நீங்கள் பார்க்காமல் விட்ட கிளை இருக்கு.