வாளியிலிருந்து குழாய்க்கு

கொழும்பில் மலக்குழாய் மாத்த வீதியை வெட்டினா, "திரும்பவும் தோண்டிட்டாங்கள்" என்று சலித்துக்கொள்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் போட்ட பழைய குழாய்களுக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. அன்றைய சின்ன நகரத்துக்குப் போட்டவை, இன்று மாடிமனைகளின் கழிவையும் முகத்துவாரம், வெள்ளவத்தைக் கடல் பக்கம் தள்ளுகின்றன.

அதற்கு முன்னர் வாளிக் கக்கூஸ்தான். அள்ளிச் சுமந்தவர்களில் பலர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். குழாய் வந்த வீடுகளில் அந்த வாளி போனது. ஆனால் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. நகரைத் துப்புரவாக்கிய குடும்பங்களையும் அது விட்டுவைக்கவில்லை.

அடுத்தமுறை வீதி தோண்டினா, குழிக்குள்ள இறங்கி நிக்கிறது ஆரெண்டும் ஒருக்கா பாப்பம்.