திண்ணையும் தேர்வு மண்டபமும்

1823-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெல்லாரிக் கலெக்டர் காம்பெல் சென்னை அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை விடுத்தார். மாகாணமெங்குமுள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு கவர்னர் தாமஸ் மன்றோ முந்திய ஆண்டில் பணித்திருந்தார். அதற்கு வந்த விடை அது. மாவட்டத்தில் 533 பள்ளிகள். மாணாக்கர் 6,641 பேர். கன்னடம் கற்பித்தவை 235, தெலுங்கு 226, தமிழ் 4. பிறமொழி வழங்கும் நிலத்தில் வாழும் நம் நேயர்கள் அந்த நான்கை எளிதில் மறக்கமாட்டார்கள்.

எண்ணிக்கையோடு நில்லாமல், பள்ளியில் அன்றாடம் நடப்பதையும் காம்பெல் விரித்துரைக்கிறார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவர். இரண்டாவது வருபவனுக்குச் சுழி. அவன் புகழுக்கும் உரியவனல்லன், பழிக்கும் உரியவனல்லன். மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருவோர்க்கு ஒவ்வொன்றாக மிகும். நம் நாட்டின் மதிப்பெண் முறைகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம். ஆனால், அளந்தது அறிவை அன்று. எழுந்து வந்த வேளையை!

அறிவை அளக்கும் பொறுப்பு சட்டாம்பிள்ளையினுடையது. முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். ஒப்பிக்கக் கேட்டுத் திருத்துவான். பிறனுக்குக் கற்பிக்கும்போதே தன் அறிவையும் அவன் உறுதிசெய்து கொள்கிறான் என்று காம்பெல் வியந்து பாராட்டுகிறார். இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது பொருத்தமே என்றும் எழுதினார்.

அவர் குறித்தது ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியாரின் முறையை. 1789-இல் எழும்பூரிலிருந்த படைவீரர் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற பெல், ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் விடுதியில் அவ்வாறு கற்பிக்க ஆசிரியர் இணங்காமற்போகவே, சிறுவன் ஒருவனையே ஆசிரியனாக்கினார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் அது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றது. சரியாக விடையிறுத்தவன் வரிசையில் மேலேறுவான், தவறியவன் கீழிறங்குவான்.

இவற்றையெல்லாம் பொற்காலமெனப் போற்றுவது பிழையாகும். பிள்ளைகள் பொருள் விளங்காத செய்யுள்களை ஒப்பித்தனர் என்பதையும் அதே காம்பெல் மறையாமல் கூறினார். திண்ணை அளந்தது நினைவாற்றலை. எனினும், தவறு நேர்ந்த கணத்திலேயே திருத்தம் கிடைத்தது என்னும் ஒரு நன்மை அதற்கிருந்தது.

1857-இல் சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் தோன்றிய பின்னர், அளப்பவர் மாணவனை ஒருபோதும் காணாதவரானார். விடைத்தாள் போகும், எண் திரும்பி வரும், எங்கே பிழைத்தோம் என்பது திரும்பி வாராது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், தேறிய மாணாக்கர் தொகைக்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறையும் சென்னை மாகாணத்தில் நடைபெற்றது. இன்ஸ்பெக்டர் வரும் நாளை நோக்கியே பாடம் நடந்ததில் வியப்பென்ன? வாத்தியாரின் அடுப்பு அதை நம்பியன்றோ எரிந்தது!

பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்வதாயின் அது தேர்வு முறையிலேயே வேண்டுமென்று டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு 1949-இல் கூறியது. டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் ஆய்ந்த இடைநிலைக் கல்விக் குழு, வெளித்தேர்வுகளைக் குறைத்து, ஒவ்வொரு மாணவனின் வளர்ச்சியையும் பள்ளியே தொடர்ந்து பதிந்துவரப் பரிந்துரைத்தது. மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். புதிய பள்ளியில் கணக்கில் நாற்பது வாங்கிய பையனுக்குக் கணக்குத் தெரியவில்லையா, வினாவின் இந்தி விளங்கவில்லையா? எண் அதைச் சொல்லாது. பழைய ஆசிரியரின் இரண்டு வரிக் குறிப்பு சொல்லக்கூடும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டை விதித்தது. பல பள்ளிகளில் அது தாள்களின் பெருக்கமாகவே முடிந்தது என்பது என் கருத்து. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-இல் அம்முறையைக் கைவிட்டது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையோ, மாணவன் தன்னைத் தானே மதிப்பிடுவதும் உடன்பயில்வோர் மதிப்பிடுவதும் முன்னேற்ற அட்டையில் இடம்பெற வேண்டும் என்கிறது. சட்டாம்பிள்ளை இப்போது பிரம்பின்றித் திரும்பி வருகிறான்; அவன் பக்கத்தில் அமர்ந்து கேட்க ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கப்படுமா என்பதை அட்டை கூறவில்லை.