ஜப்பான் காரில் செட் மாத்தப் போறீங்களா? வயரை வெட்ட விடாதீங்க!

காரை ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு ஜப்பானியப் பெண் குரல் மரியாதையா ஏதோ சொல்லும். மேப்பைத் திறந்தா டோக்கியோ இருக்கும், கொழும்பு இருக்காது. இலங்கையில் ஜப்பான் ரீகண்டிஷன் கார் வச்சிருக்கிற பலருக்கும் இது பழகின கதைதான். 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. விலை இருக்கிற இருப்பில், காரை மாத்துறதைவிட செட்டை மாத்துறது லேசு.

மொழியைக்கூட சகிச்சுக்கலாம். ரேடியோதான் பெரிய தொல்லை. ஜப்பானில் எஃப்எம் 76-இல் தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸில் முடியும். பிற்காலச் செட்கள் 95 வரை எடுக்கும். நம்ம தமிழ் எஃப்எம்களில் பல 100-க்கு மேலே இருக்கு. 'எக்ஸ்பாண்டர்' என்ற குட்டிப் பெட்டியைப் போட்டா சில ஸ்டேஷன் கிடைக்கும், எல்லாம் கிடைக்காது. அதுக்குச் செலவழிக்கிற காசைப் புது செட்டுக்கே வச்சுக்கலாம்.

உங்க காரில் இருக்கிறது பெரும்பாலும் ஜப்பானில் முதல் சொந்தக்காரர் பூட்டின செட்டா இருக்கும். கரோஸேரியா (ஜப்பானில் பயனியருக்கு அதுதான் பெயர்), கென்வூட், ஸ்ட்ராடா இப்படி ஏதாவது. அதைக் கழற்றினதும் பின்னால் பாருங்க. காரோட ஒரிஜினல் சாக்கெட் முழுசா இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. அதில் நேரே செருகிற ஹார்னஸ் பஞ்சிகாவத்தையில் தேடினா கிடைக்கும். மொடலையும் வருஷத்தையும் சொல்லிக் கேளுங்க.

சில வயரிங் பாஸ்மார் "ஹார்னஸ் எதுக்கு, வெட்டி முறுக்கி டேப் சுத்திடலாம்"னு சொல்வாங்க. அங்கேதான் ஆபத்து. வெளியில் வாங்கும் செட்களில் பொதுவா மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டா வரும் கரண்ட், கறுப்பு எர்த். ஆனா டொயோட்டாவின் சாக்கெட்டில் மஞ்சளும் கறுப்பும் பின்பக்க இடது ஸ்பீக்கருக்குப் போகும் வயர்கள். சிவப்பு பின்பக்க வலது ஸ்பீக்கருக்கு. அங்கே நிரந்தர கரண்ட் வர்றது மஞ்சள் கோடு போட்ட நீலத்தில், சாவி கரண்ட் சாம்பலில், எர்த் பிரவுனில். நிறத்தை நம்பி நிறத்தோடு முடிச்சுப் போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒட்டுப் போட்டே ஆகணும்னா, மீட்டர் வச்சு ஒவ்வொரு வயரையும் அளந்து, சோல்டர் பண்ணச் சொல்லுங்க. ஸ்பீக்கரின் மைனஸை எர்த்தோடு சேர்க்க விடவே கூடாது. செட்டின் அம்ப் போயிடும்.

மஞ்சளையும் சிவப்பையும் ஒரே நிரந்தர கரண்டில் கொடுத்தா செட் அணையாது, காலையில் பற்றரி காலி. இரண்டையும் சாவி கரண்டில் கொடுத்தா, ஒவ்வொரு தடவையும் செட்டிங் அழியும்.

ரிவர்ஸ் கமராவையும் கவனிங்க. டொயோட்டா ஒரிஜினல் கமரா பலதுக்கு 6 வோல்ட்தான் வேணும். நேரே 12 கொடுத்தா கருகிடும். கண்ணாடியில் ஒட்டின ஃபிலிம் ஆன்டெனா இருந்தா, நீல வயரால் அதுக்குக் கரண்ட் போகுதான்னு பாருங்க. போகலைன்னா ரேடியோ இரையும்.

சைஸும் ஒரு சிக்கல். சாதாரண டபுள் டின் செட் சுமார் 18 சென்டிமீட்டர் அகலம். டொயோட்டா துவாரம் 20. பக்கத்தில் வைக்கிற பட்டிகளையும் சேர்த்து வாங்கிடுங்க.

வேலை தொடங்கும் முன் 12 வோல்ட் பற்றரியின் மைனஸைக் கழற்றணும். பல பிரியஸ் மொடல்களில் அது பின் பூட்டுக்குள் இருக்கும், பூட் கதவும் கரண்டில்தான் திறக்கும். அதனால கழற்றியிருக்கும்போது கதவை மூடிடாதீங்க. ஹைபிரிட்டின் ஒரேஞ்ச் நிற கேபிளுக்கும் செட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, யாரும் கை வைக்க வேண்டாம்.

டேஷ்போர்டை மூடும் முன்பே நாலு ஸ்பீக்கரும், ஸ்டீரிங் பட்டனும், ரிவர்ஸும் வேலை செய்யுதான்னு பார்த்துடுங்க. செட் மாத்தின பிறகும் அந்த ஜப்பானியக் குரல் கேட்டா பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் ஈடிசி பெட்டி, அங்கே நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டுறதுக்கான தனிக் கருவி. இங்கே அதுக்கு வேலையில்லை, அதையும் அன்றைக்கே கழற்றச் சொல்லிடலாம்.