ஆழ்கடல் சுரங்கம்: எந்தக் கால அளவில் எடைபோடுவது?

ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே பசிபிக் பெருங்கடலில், 4,000 மீட்டருக்கும் கீழே, கிளாரியன்-கிளிப்பர்ட்டன் வலயத்தின் சேற்றில் உருளைக்கிழங்கு அளவில் கரிய உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியவை சேர்ந்த இந்தப் பல்லுலோக முடிச்சுகள் பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. மின்வாகன பேட்டரிகளுக்கு இவை வேண்டும். காங்கோவின் கோபால்ட் குழிகளையும் இந்தோனேசியாவில் நிக்கலுக்காக அழியும் காடுகளையும்விட இது சிறிய தீங்கு என்பது ஆதரிப்போர் வாதம். அந்தக் குழிகளில் சிறுவர்கள் உழைப்பது உண்மை என்பதால் இவ்வாதத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் இரு தீங்குகளையும் தராசில் வைக்கும்போது அது காலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1989இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பெருவுக்கு அப்பால் கடற்படுகையின் ஒரு பகுதியை ஏர் போன்ற கருவியால் உழுதார்கள். 2015இல் மீண்டும் போய்ப் பார்த்தபோது உழுத சால்கள் அப்படியே இருந்தன. சேற்றின் நுண்ணுயிர்ச் செயல்பாடும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இத்தனைக்கும் அச்சோதனை முடிச்சுகளைப் புதைத்ததே தவிர அள்ளிச் செல்லவில்லை. சுரங்கம் அவற்றை அள்ளிவிடும். கடற்பஞ்சுகள் வேர்கொள்ளும் கெட்டித்தளம் அந்த முடிச்சுதான். அப்பஞ்சின் தண்டில் முட்டையிட்டு அடைகாக்கும் வெளிறிய ஆக்டோபஸ் ஒன்றை அறிவியல் 2016இல்தான் அறிந்தது. முடிச்சு போனபின் அடுத்தது உருவாகும்வரை அவ்வுயிர்களுக்கு வேறு இடமில்லை.

மறுதட்டில் இருக்கும் தேவையோ நம் கண்முன்னே மாறிவருகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு நிக்கலும் வேண்டாம், கோபால்ட்டும் வேண்டாம். சீனாவில் விற்கும் மின்வாகனங்களில் பெரும்பகுதி இப்போது அதில்தான் ஓடுகிறது. செம்புக்கு அப்படியொரு மாற்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். செம்புக்காக மட்டும் இவ்வளவு ஆழம் இறங்கினால் கட்டுப்படியாகாது என்பது என் கணிப்பு. மேலும், கடலில் ஒரு டன் எடுத்தால் நிலத்தில் ஒரு டன் குறைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காங்கோவின் சிறுவனைக் கடற்சுரங்கம் குழியிலிருந்து மீட்கும் என்பதற்கு உத்தரவாதம் தருபவர் யார்?

2021 ஜூனில் ஈராண்டு விதியைக் கையிலெடுத்து, சுரங்க விதிகளை ஈராண்டுக்குள் முடித்துத் தருமாறு சர்வதேச கடற்படுகை ஆணையத்தை நெருக்கிய நாடு நவுரு. பாஸ்பேட்டுக்காக அன்னியர் தோண்டித் தோண்டி நிலத்தின் பெரும்பகுதியை இழந்த தீவு அது. அதற்காக 1989இல் ஆஸ்திரேலியாமீது பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தது. அதற்கு வருமானம் வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் நவுருவுக்குப் பட்ட கடனைத் தீர்க்க வேண்டியவர்கள் பாஸ்பேட்டை உண்டு கொழுத்தவர்கள். 1967இல் மால்டாவின் அர்விட் பார்டோ ஐ.நா.வில் முன்வைத்து, 1982 கடல் சட்ட உடன்படிக்கையில் இடம்பெற்ற, ஆழ்கடற்படுகை 'மானுடத்தின் பொதுச் சொத்து' என்ற கோட்பாட்டில் இனிப் பிறப்பவர்களும் பங்காளிகள். அவர்கள் பங்கை விற்று நவுருவுக்குப் பட்ட கடனை அடைக்க முடியாது.

இந்தக் கேள்வி இந்தியாவுக்கும் உரியது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் முடிச்சுகளை ஆராயும் உரிமை நம் அரசிடம் உள்ளது; ஆளேறி ஆழ்கடலுக்குள் செல்லும் மத்ஸ்யா 6000 கலம் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாகிறது. கிளாரியன்-கிளிப்பர்ட்டனில் இருப்பதாகக் கணிக்கப்படும் உயிரினங்களில் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயர்கூட இல்லை. எனவே மத்ஸ்யா முதலில் நம் பங்குப் படுகையின் உயிர்களைக் கணக்கெடுக்க இறங்கட்டும். அதுவரை, சுரங்கத்தை நிறுத்திவைக்கக் கோரும் நாடுகளோடு ஆணையம் கூடும் கிங்ஸ்டனில் இந்தியா சேர வேண்டும்.