கொழுத்த பன்றி மெலிந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்குப் 'போர்க்கோபோலிஸ்' (பன்றி நகரம்) என்று பட்டப்பெயர். அத்தனை பன்றிகள் அங்கே வெட்டப்பட்டன. சமையலுக்கும் சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் கொழுப்பு வேண்டும். எனவே கொழுத்த பன்றிக்கே மதிப்பு.

1837-ல் அந்நகரில் தொடங்கிய பிராக்டர் அண்ட் கேம்பிள், விலங்குக் கொழுப்பை நம்பி வளர்ந்த கம்பெனி. அதுவே 1911-ல் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து 'கிரிஸ்கோ' என்னும் சமையல் கொழுப்பைத் தயாரித்து, பன்றிக் கொழுப்பின் சந்தையில் கைவைத்தது.

டென்மார்க்கின் பாதை வேறு. 1887-ல் ஜெர்மனி டேனிஷ் பன்றிகளுக்குக் கதவடைத்தது. உடனே டேனிஷ் விவசாயிகள் பிரிட்டனின் பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி) சந்தையைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் டென்மார்க்கின் ஹோர்சென்ஸ் நகரில் முதல் கூட்டுறவுப் பேக்கன் ஆலை எழுந்தது. ஆங்கிலேயர் கேட்டது கொழுப்பு குறைந்த பேக்கன். 1907 முதல் சோதனை நிலையங்களில் குட்டிகளை ஒரே மாதிரித் தீனியில் வளர்த்து, எந்தப் பெற்றோரின் வழியில் நீண்ட உடலும் மெலிந்த சதையும் வருகின்றன என்று அளந்தார்கள். லேண்ட்ரேஸ் என்னும் டேனிஷ் பன்றி இனம் இப்படித்தான் செதுக்கப்பட்டது. 1934-ல் அமெரிக்க அரசே அதை வரவழைத்தது.

1987-ல் அமெரிக்கப் பன்றி வளர்ப்போர், 'இன்னொரு வெள்ளை இறைச்சி' என்று விளம்பரம் செய்தார்கள். அது வெற்றுப்பேச்சல்ல. முதுகெலும்பை ஒட்டிய டெண்டர்லாயின் சதையில், சமைத்த 85 கிராமுக்குக் கொழுப்பு சுமார் 3 கிராம்தான்; தோலுரித்த கோழி நெஞ்சுக்கறிக்குச் சமம். புரதம் 20 கிராமுக்கு மேல். தயமின் என்னும் வைட்டமின் பி1-இல் மாட்டிறைச்சியும் கோழியும் இதற்குப் பின்னால்தான்.

ஆனால் இந்தப் பெருமை மெலிந்த சதைக்கு மட்டுமே. வயிற்றுக்கறிக்கும் பேக்கனுக்கும் பொருந்தாது.