வாதாபியும் சிவகாமியும்

பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் கி.பி. 642ஆம் ஆண்டளவில் சாளுக்கியரின் தலைநகராகிய வாதாபியைக் கைப்பற்றினான். பாடநூல்களில் இதற்கு ஓரிரு வரிகளே இடம். ஆயினும் தமிழ் வாசகர் பலர் அந்நகர் தீப்பற்றி எரிந்ததை நேரில் கண்டவர் போலவே பேசுவர். 1944ஆம் ஆண்டு முதல் கல்கி வார இதழில் தொடர்ந்து வெளிவந்த ‘சிவகாமியின் சபதம்’ செய்த வேலை அது.

மாமல்லபுரத்துப் பாறைகளைக் குடைந்தவர் யாவர் என்று கேட்டால் சரித்திரம் அரசர் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறது. கல்கியோ உளி பிடித்த கைக்கு ஓர் உள்ளத்தையும் தந்தார். அஜந்தா வர்ணங்களின் இரகசியத்தை அறியத் தவிக்கும் ஆயனச் சிற்பியையும், அவர் மகள் சிவகாமியின் நடனத்தையும், அக்கலைக் குடும்பத்தைப் போர் சிதைத்த விதத்தையும் படித்தவர், பின்னர் அக்கற்களை வெறுங் கற்களாகக் காண்பது கடினம்.

குறை, போருக்குக் கூறப்படும் காரணத்தில் இருக்கிறது. ஒரு பெண்ணின் சபதத்தை நிறைவேற்றவே படை வடக்கே சென்றதாகக் கதை நம்மை நம்பச் செய்கிறது. சிவகாமி கற்பனைப் பாத்திரம். பகையோ மகேந்திரவர்மன் காலத்திலேயே மூண்டது. பல்லவ வேந்தனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒளியச் செய்தவன் புலிகேசி என்று கி.பி. 634ஆம் ஆண்டின் ஐஹோளே சாசனம் பெருமை பேசுகிறது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகில் வெற்றி என்னும் சொல்லை நரசிம்மன் எழுதினான் என்கிறது கூரம் செப்பேடு. இவற்றைப் பாடிய புலவர்களும் கற்பனையில் கல்கிக்கு இளைத்தவரல்லர்!

எனினும் சபதத்தைவிட என்னை உறுத்துவது நாகநந்தி பிக்ஷுவின் பாத்திரமே. கதையை விறுவிறுப்பாக நடத்திச் செல்பவர் அவர்தாம். ஆனால் காவியுடைக்குள் ஒளிந்த ஒற்றர். அதே நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே சுமார் நூறு பௌத்த மடங்களும் பதினாயிரம் பிக்ஷுக்களும் இருந்ததாகக் குறித்துள்ளார். அத்தனை பேரின் கல்வியும் தவமும் மறைந்து, வாசகர் மனத்தில் வஞ்சகத் துறவி ஒருவரே நிலைத்துவிட்டார். எதிர்வாதம் செய்ய அவர்களுள் ஒருவரும் இன்றில்லை.

வாதாபி இன்று கர்நாடகத்துப் பாதாமி. நரசிம்மன் பொறித்த சாசனம் ஒன்று அங்குள்ள பாறையில் சிதைந்த நிலையில் இருக்கிறது. அதில் சிவகாமியின் பெயர் இராது என்று நன்கு அறிந்திருந்தும், தேய்ந்துபோன அந்த எழுத்துக்களுக்கிடையே நம் கண் அதைத்தான் தேடுகிறது.