வரியுடலம் என்னும் பெயரும் பறவையின் முன்மூளையும்

சென்ற வாரம் பெங்களூருவில் முதுகலை மாணவி ஒருவர் இரண்டு படங்களை என் மேசைமீது வைத்தார். ஒன்று, கார்ட்டனும் ஹோடோஸும் 1967இல் வெளியிட்ட புறா மூளை வரைபட நூலின் நகல். மற்றொன்று அண்மைக்கால ஆய்வுக்கட்டுரையிலிருந்து எடுத்தது. இரண்டிலும் முன்மூளையின் ஒரே இடம். முன்னதில் அதன் பெயர் நியோஸ்ட்ரையேட்டம், பின்னதில் நிடோபேலியம். எது பிழை என்று கேட்டார். பதில் நீண்டுவிட்டது, பிறருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பிராங்க்ஃபர்ட்டில் பணியாற்றிய லுட்விக் எடிங்கர், வாலன்பெர்க், ஹோம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1903இல் பறவையின் முன்மூளை பற்றி விரிவாக எழுதினார். மீன் முதல் மனிதன் வரை உயிரினங்களை ஏணிப்படிகளாக அடுக்கிப் பார்த்த காலம் அது. ஒவ்வொரு படியிலும் பழைய மூளையின்மேல் புதிய பகுதி வந்து சேர்ந்தது என்பது அவர் கருத்து. பாலூட்டியின் மூளையில் வெளிப்புறம் ஆறடுக்குப் புறணி உண்டு. உள்ளே, நரம்பிழைக் கற்றைகள் கோடுகளாகத் தெரியும் வரியுடலம், அதாவது ஸ்ட்ரையேட்டம், உண்டு. பறவையிலோ அத்தகைய அடுக்குகள் தென்படவில்லை. நரம்பணுக்கள் திரள்திரளாகக் கிடந்தன. திரளாக இருப்பதெல்லாம் வரியுடலமே என முடிவாயிற்று. பேலியோ, ஆர்க்கி, நியோ, ஹைப்பர் என அடைமொழிகள் மாறின. ஸ்ட்ரையேட்டம் என்னும் ஈறு மட்டும் மாறவில்லை. ஆரியன்ஸ் காப்பர்ஸ், ஹியூபர், கிராஸ்பி மூவரும் 1936இல் வெளியிட்ட பெருநூல் இப்பெயர்களை நிலைநாட்டியது.

பெயர்தானே என்று இதை ஒதுக்கிவிட இயலாது. வரியுடலம் இயல்பூக்கத்தின் இருப்பிடம் என அன்று கருதப்பட்டது. ஆகவே, பறவைக்குக் கற்கும் ஆற்றல் குறைவு என்னும் தீர்ப்பு உடற்கூற்றுச் சொல்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. சோறு வைக்கும் நேரத்தை நம்மைவிடத் துல்லியமாக அறிந்திருக்கும் மொட்டைமாடிக் காகத்தைப் பார்த்தவர் எவரும் ஐயுற்றிருப்பர்; ஆனால் பாடநூல் ஐயுறவில்லை.

மறுப்பு, வேதியியலின் வழி வந்தது. ஹுவோரியோவும் மார்த்தே வோக்டும் (மூளை உடற்கூற்றியலில் புகழ்பெற்ற வோக்ட் தம்பதியரின் மகள் இவர்) 1967இல் பறவை மூளையில் டோபமீன் எங்கெங்கு உள்ளது என அளந்தனர். பாலூட்டியின் வரியுடலத்தில் மிகுந்திருக்கும் அப்பொருள், பறவையின் முன்மூளையில் அடிப்பகுதியின் ஒரு சிறு பரப்பில்தான் செறிந்திருந்தது. அதே காலத்தில் ஹார்வி கார்ட்டன் நரம்பிழைகளின் பாதையைத் தொடர்ந்து சென்று, பார்வையும் கேள்வியும் தாலமஸ் வழியாக நியோஸ்ட்ரையேட்டப் பகுதிகளை அடைவதைக் காட்டினார். பாலூட்டியில் அது புறணியின் வேலை. வரைபட நூலில் பழைய பெயரை அச்சிட்டவரே தம் ஆய்வுகளால் அப்பெயரின் வேரை அறுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆயினும் பெயர் மாற மேலும் 35 ஆண்டுகள் ஆயின. 2002 ஜூலையில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் கூடிப் பறவை மூளைக்குப் புதிய பெயர்களை முடிவுசெய்தனர். ஆன்டன் ரெய்னர், எரிக் ஜார்விஸ் உள்ளிட்டோர் அவற்றை 2004இல் வெளியிட்டனர். போர்வை எனப் பொருள்படும் பேலியம் என்னும் சொல் ஈறாயிற்று. ஹைப்பர் என்றால் மேல், மெசோ என்றால் இடை, நிடோ என்றால் பறவைக் கூடு, ஆர்க்கோ என்றால் வில். வேண்டுமென்றே அடக்கமான பெயர்கள் இவை. இன்ன பகுதி பாலூட்டியின் இன்ன பகுதிக்கு நேர் என்று எதுவும் உறுதி கூறுவதில்லை. பழைய படங்களை வாசிப்பவர் இடறாதிருக்க, இயன்றவரை முதலெழுத்துச் சுருக்கங்களையும் காப்பாற்றினர்.

பாடும் பறவைகளின் எச்.வி.சி. பகுதியின் கதை தனி. 1976இல் நாட்டபாமும் உடன் ஆய்வாளர்களும் கேனரிப் பறவையில் அதை விவரித்தபோது ஹைப்பர்ஸ்ட்ரையேட்டத்தின் பகுதி எனப் பெயரிட்டனர். பழைய கணக்குப்படியே அது தவறு. பின்னர் அதே எழுத்துகளுக்கு வேறொரு விரிவு கற்பித்தார்கள். இறுதியில் விரிவே வேண்டாம், மூன்றெழுத்துகளே பெயராகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த அடக்கம் வீண்போகவில்லை. 2025இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வுகள், பறவையிலும் பாலூட்டியிலும் ஒத்த வேலை செய்யும் சுற்றுகள் கருவளர்ச்சியில் வெவ்வேறு வழிகளில் உருவாகின்றன எனக் காட்டுகின்றன. 2002இல் புறணி என்றே பெயரிட்டிருந்தால் இன்று மீண்டும் ஒரு கூட்டம் கூட்ட நேர்ந்திருக்கும்.

நம் நாட்டிலும் இப்பணி தொடர்கிறது. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் சௌமியா ஐயங்காரின் குழு, ரெய்னருடன் இணைந்து, நம் வீட்டுக் காகத்தின் மூளையில் டோபமீன் ஆக்கத்துக்குரிய நொதியும் டார்ப்-32 என்னும் புரதமும் பரவியுள்ள விதத்தை 2019இல் விரிவாக வெளியிட்டது. வோக்ட் புறாவில் தொடங்கிய கேள்வி காகத்துக்கு வந்து சேர 52 ஆண்டுகள்.

மாணவியிடம் 1967 நகலை எறிந்துவிட வேண்டாம் என்றேன். அதன் எல்லைக்கோடுகள் இன்றும் பயன்படுபவை. ஓரத்தில் புதிய பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். படத்திலிருந்த 'என்' என்னும் எழுத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.